ஒன்பது அங்குலமா, பன்னிரண்டா, நேர்கோட்டுக் கையா: மாமாவின் தட்டுகளுக்கு எது பொருந்தும்?

மாமா விட்டுப்போன பெட்டிகளை மச்சானும் நானும் கூடத்தில் இறக்கி எண்ணினோம். மொத்தம் 212 இசைத்தட்டுகள். 161 இ.பி.; அதாவது ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. மீதி 51 எல்.பி., அதாவது பன்னிரண்டு அங்குலப் பெரிய தட்டு. நாய் படம் போட்ட எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் ஓடியனும்தான் அதிகம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர் மாமா. சம்பளம் வாங்கிய வாரம் ஈப்போவுக்குப் பஸ் ஏறினால் ஒரு தட்டாவது கையில் இல்லாமல் திரும்பமாட்டார் என்று அத்தை இன்றும் சொல்வார். ஒவ்வோர் உறையின் மூலையிலும் வாங்கிய தேதியை நீல மையில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு, இந்தத் தட்டுகளை ஏனோதானோ என்று ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

மச்சானிடம் இருந்த மலிவான பிளேயரில் முதல் பாட்டு நன்றாகவே வரும். இரண்டாவது பாட்டு, அதுவும் கடைசிச் சரணம், கிழியும். ‘ச’வும் ‘ஸ’வும் ‘ஷ்’ என்று சீறும்; வயலின்கள் சேர்ந்து எழும் இடம் கரகரக்கும். தட்டைத் திருப்பிப் போட்டாலும் அப்படியேதான்: முதல் பாட்டு தெளிவு, இரண்டாவது கலங்கல். தட்டு தேய்ந்துவிட்டது என்று அத்தை நினைத்தார். கொஞ்சம் தேய்ந்திருப்பது உண்மைதான். ஆனால் மையத்தை நெருங்க நெருங்க ஒலி கெடுவதற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஊசியைத் தாங்கும் கையின் கோணம். மற்றது ஊசிமுனையின் வடிவம்.

புதிதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவானபோது மூன்று வழிகள் இருந்தன. ஈப்போவில் ஒருவர் விற்ற பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி). அதன் கை ஒன்பது அங்குல வகை. கோலாலம்பூரில் பன்னிரண்டு அங்குலக் கை பொருத்திய பெரிய டர்ன்டேபிள் ஒன்று. விலை முன்னதைப் போல் இரண்டரை மடங்கு. மூன்றாவது, தைப்பிங்கில் உறவினர் வீட்டில் துணி போர்த்திக் கிடந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-10. அதன் கை வளைவில் சுற்றாமல் நேர்கோட்டில் நகரும். மச்சானுக்கு இரண்டாவதின் மேல்தான் கண். “கை நீளமா இருந்தா பிழை குறையும்னு எல்லாரும் சொல்றாங்க லா. காசு நான் போடுறேன், நீ பார்த்துச் சொல்லு மச்சான்” என்றான்.

பார்த்தேன், கணக்கும் போட்டேன். எங்கள் தட்டுகளுக்கு ஈப்போ டெக்னிக்ஸ்தான் சரி என்று தெரிந்தது. விலை குறைவு என்பதால் அல்ல. கையின் நீளத்தைவிட, அந்தக் கை தட்டின் எந்த இடத்தில் நேராக நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பதுதான் இ.பி. கேட்பவருக்கு முக்கியம்.

மூலத்தட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டுத்தலை விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஒரே நேர்கோட்டில் நகர்கிறது. எந்த இடத்திலும் அது பள்ளத்துக்குத் தொடுகோடாகவே நிற்கும். வீட்டுக் கருவியின் கையோ ஓரிடத்தில் ஊன்றி நின்று, வாசற்கதவின் நுனிபோல் வளைவில் போகிறது. நேராக வெட்டியதை வளைந்து படிக்கும்போது ஊசி சற்றுக் கோணலாக நிற்கும். அந்தக் கோணல்தான் இரண்டாம் ஒத்திசைத் திரிபாக, அதாவது பாட்டில் இல்லாத, இரு மடங்கு அதிர்வெண் கொண்ட ஒலியாக, காதில் விழுகிறது.

இதைக் குறைக்க இரண்டு உபாயங்கள். கார்ட்ரிட்ஜை, அதாவது கை நுனியில் ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டியை, கையின் நேர்க்கோட்டிலிருந்து உள்நோக்கித் திருப்பிப் பொருத்துவது ஒன்று. அதற்குப் பெயர் ஆஃப்செட் கோணம். ஊசிமுனை மையத் தண்டைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போகும்படி வைப்பது இன்னொன்று, அது ஓவர்ஹேங். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் தட்டின் ஆரத்தில் இரண்டே இரண்டு இடங்களில் பிழை பூஜ்யமாகும். மற்ற இடங்களில் ஒன்றிரண்டு டிகிரி இருக்கத்தான் செய்யும்.

அந்த இரண்டு பூஜ்யப் புள்ளிகளை எங்கே வைப்பது என்பதில்தான் நூறாண்டு வாதம். பெர்சி வில்சன் 1924-இல் ‘தி கிராமஃபோன்’ இதழில் இந்த வடிவக்கணக்கை எழுதினார். சுவீடனின் எரிக் லோஃப்கிரென் 1938-இல், கோணப் பிழையை மட்டும் பார்த்தால் போதாது, அதை ஆரத்தால் வகுத்துப் பார்க்கவேண்டும் என்று காட்டினார். பேர்வால்ட் என்பவர் 1941-இல் வெளியிட்டதும் அதே தீர்வுதான், எல்.பி.க்கு அது தரும் பூஜ்யப் புள்ளிகள் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. இன்று இணையத்தில் கிடைக்கும், கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் வைக்க உதவும் கோணமானித் தாள்களில் அதிகம் காண்பது இந்தப் பேர்வால்ட் முறைதான். 1966-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஸ்டீவன்சன் என்பவர் வேறொன்றைச் சொன்னார்: உள்விளிம்பிலேயே, 60.3 மி.மீ.யிலேயே பிழையைப் பூஜ்யமாக்குவோம். வெளிப்பக்கம் கொஞ்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளலாம்.

ஏன் உள்விளிம்பை இப்படிப் போற்றவேண்டும்? எல்.பி.யின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. உள்விளிம்பில் அது 21 செ.மீ.தான். அதே வினாடிப் பாட்டு பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் வெளியே ஒரு டிகிரி செய்யும் கெடுதலை உள்ளே அரை டிகிரிக்கும் குறைவான பிழையே செய்துவிடும்.

இப்போது மச்சானின் பன்னிரண்டு அங்குலத்துக்கு வருகிறேன். ஒன்பது அங்குல வகைக் கைகள் உண்மையில் ஊன்றுமிடத்திலிருந்து ஊசிவரை 230 முதல் 240 மி.மீ. இருக்கும், பன்னிரண்டு அங்குலக் கை ஏறத்தாழ 305. இந்த நீளக் கைக்கு நல்ல பரம்பரை உண்டு. எஸ்எம்இ நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த 3012 என்ற கையை இன்றும் தேடி வாங்குகிறார்கள். கை நீண்டால் வளைவு தட்டையாகும். அது சரியான பேச்சு. பேர்வால்ட் முறையில் 239 மி.மீ. கைக்கு எல்.பி.யின் வெளிவிளிம்பில் 1.8 டிகிரி பிழை, 305 மி.மீ. கைக்கு 1.4. உள்விளிம்பில் 0.74-க்குப் பதில் 0.56. ஆக, கால்பங்கு குறைகிறது. ஆஃப்செட் கோணம் 23 டிகிரியிலிருந்து 18-க்கு இறங்குவதால் ஊசியை மையத்துக்கு இழுக்கும் பக்கவிசையும் ஏறக்குறைய அதே அளவு தணிகிறது.

ஆனால் இந்தக் கணக்கு, பொருத்தியவர் கை ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை என்று வைத்துக்கொண்டது. ஓவர்ஹேங் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒன்பது அங்குலக் கையில் உள்விளிம்புப் பிழை 0.74-இலிருந்து 1.67 டிகிரிக்குத் தாவுகிறது. பன்னிரண்டு அங்குலக் கையில் 0.56-இலிருந்து 1.50-க்கு. அதாவது ஒரு மில்லிமீட்டர் தவறாக வைத்த நீளக் கை, சரியாக வைத்த சாதாரணக் கையைவிட இரண்டு மடங்கு மோசம். நீளத்துக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்க்ரூவை முடுக்கும் அந்த இரண்டு நிமிடம் தின்றுவிடும். இரண்டு நாள் உட்கார்ந்து இந்த எண்களை எழுதிய தாளை மச்சானிடம் நீட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எங்கள் வீட்டுக் கணக்கில் இன்னும் முக்கியமான ஒன்று இருந்தது. மேலே சொன்னதெல்லாம் எல்.பி.க்கு. எல்.பி.யின் பள்ளம் மையத்திலிருந்து 60 மி.மீ. அளவில் நின்றுவிடும் என்ற அனுமானத்தில் பிறந்தவை. மாமாவின் இ.பி.களை ஸ்கேல் வைத்து அளந்தேன். பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைத்த தட்டுகளில் பல 54 மி.மீ. வரை உள்ளே வருகின்றன. எந்தப் பூஜ்யப் புள்ளிக்கும் அப்பால், பிழை மளமளவென்று ஏறும் இடம் அது. சரணம் கிழிந்த இடமும் அதுவேதான்.

அந்த 54 மி.மீ.யில் கையை மூன்று விதமாக நிறுத்திக் கணக்குப் பார்த்தேன். பேர்வால்ட் முறையில் வைத்த ஒன்பது அங்குலக் கைக்குப் பிழை 2 டிகிரி. பேர்வால்ட் முறையில் வைத்த பன்னிரண்டு அங்குலக் கைக்கு 1.5. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200-ஐத் தயாரித்தவர்கள் சொன்னபடி, 230 மி.மீ. நீளம், 15 மி.மீ. ஓவர்ஹேங், 22 டிகிரி ஆஃப்செட்டில் வைத்தால் 0.7 டிகிரிதான். காரணம், அந்த அளவுகளைச் சமன்பாட்டில் போட்டால் உள் பூஜ்யப் புள்ளி 58.8 மி.மீ.யில் விழுகிறது, ஸ்டீவன்சன் சொன்ன இடத்தைவிடவும் சற்று உள்ளே. பன்னிரண்டு அங்குலக் கையை ஸ்டீவன்சன் முறைக்கு மாற்றிப் பொருத்தினாலும் அதே 0.7-தான் வருகிறது. இரண்டரை மடங்கு விலை கொடுத்து, இ.பி.யின் கடைசிச் சரணத்தில் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. நல்ல உரத்த குரலுக்கு, பதிவு வேகம், அதாவது பள்ளத்தின் நெளிவு ஊசியை ஆட்டும் வேகம், வினாடிக்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 2 டிகிரி என்பது அந்த இடத்தில் 1.4 விழுக்காட்டுத் திரிபு, 0.7 டிகிரி என்பது அரை விழுக்காடு.

டெக்னிக்ஸின் இந்த அளவுகளைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எல்.பி. மட்டும் கேட்பவர்களுக்கு அவர்கள் சொல்வது நியாயமே. கையேட்டிலேயே வெளிவிளிம்பில் 2 டிகிரி 32 நிமிடம், உள்விளிம்பில் 32 நிமிடம் என்று பிழை அச்சிட்டிருக்கிறது (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). வெளிப்பக்கம் பேர்வால்டைவிட அதிகம்தான். ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்ப் பாட்டு வீடுகளுக்குள் வந்தது பெரும்பாலும் ஏழு அங்குலத் தட்டில். மேல்நாட்டு எல்.பி.யை மனத்தில் வைத்துச் சொல்லும் அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால், நம் பாட்டின் கடைசி அரை நிமிடத்தை இழப்போம்.

டெக்னிக்ஸின் கை எஸ் வடிவில் வளைந்திருப்பதைப் பார்த்து, நேரான கைதான் துல்லியம் என்று மச்சான் கேட்டான். குழாய் எப்படி வளைந்தாலும் வடிவக்கணக்குக்கு ஒன்றுமில்லை. ஊன்றுமிடம், ஊசிமுனை, கார்ட்ரிட்ஜ் திரும்பியிருக்கும் கோணம், இவைதான் கணக்கில் வரும். எஸ் வளைவு பக்கவாட்டு எடையைச் சமன்செய்கிறது. முன்னால் ஹெட்ஷெல்லை, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் முன்துண்டை, கழற்றி மாட்டவும் வசதி. இந்தக் கழற்றி மாட்டும் வசதிதான் பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாக வந்தது.

ஆஃப்செட்டே இல்லாத கைகளும் இருக்கின்றன. ஜப்பானின் விவ் லேப் நிறுவனம் செய்யும் கை அப்படி. ஊசி மையத் தண்டுக்கு முன்பே நின்றுவிடும். பக்கவிசை மிகக் குறைவு என்பதற்காக அதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஒன்பது அங்குல நீளத்தில் கோணப் பிழை விளிம்புகளில் 9, 10 டிகிரியைத் தொடும். இ.பி.க்கு அதை நான் யோசிக்கவே இல்லை.

தைப்பிங்கில் கிடந்த எஸ்எல்-10-ஐ மறுக்கத்தான் மனம் கஷ்டப்பட்டது. வடிவக்கணக்கை மட்டும் பார்த்தால் அதற்கு நிகரில்லை. 1972-இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் கொண்டுவந்த பியோகிராம் 4000 போலவே, 1979-இல் வந்த இந்த டெக்னிக்ஸிலும் கை வெட்டுத்தலை போன பாதையிலேயே போகிறது. எல்.பி.யின் வெளிவிளிம்பான 146 மி.மீ.யிலும் இ.பி.யின் 54 மி.மீ.யிலும் ஒரே நிலை. ஆஃப்செட் இல்லாததால் பக்கவிசையும் இல்லை. எல்.பி. உறையின் அளவே உள்ள பெட்டி. மூடியைத் திறந்து தட்டை வைத்து மூடினால் போதும். நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, பழுது பார்க்க ஆளும் இருந்தால், இ.பி. சேகரிப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். இதை மனமாரச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அந்த இரண்டாவது நிபந்தனைதான் இடித்தது. இவ்வகைக் கருவிகளில் கை தானாக நகராது. கோணம் சிறிதளவு பிசகுவதை ஓர் உணரி கண்டுபிடித்து மோட்டாரை ஓட்ட, அது சின்ன ரப்பர் பெல்ட்டாலோ பற்சக்கரத்தாலோ கையை நகர்த்தும். நாற்பது வருடம் நம் புழுக்கத்தில் கிடந்த ரப்பர் பிசுபிசுவென்று உருகிவிடுகிறது. மசகு பிசினாகிறது. கை சிறிது தாமதித்து, பிறகு சட்டென்று நகரும். நேர்கோட்டுக் கையின் ஆதாயமே அங்கே போய்விடும். சில வருடங்களுக்கு முன் இதே வகையில் வேறொரு கருவியை ஒரு பழைய பொருள் கடையில் வாங்கி, இரண்டு பேரிடம் கொடுத்தும் சரிவராமல் விட்டிருக்கிறேன். போதாததற்கு எஸ்எல்-10 ஏற்பது நுழைத்துச் செருகும் டி4பி வகைக் கார்ட்ரிட்ஜை மட்டும்தான். இன்று அதில் தேர்வு மிகச் சுருக்கம். நுண்ணிய ஊசிமுனை வேண்டுமென்றால் இன்னும் சுருக்கம்.

ஊசிமுனை என்றதும், மிச்சப்பட்ட பணத்தை எங்கே போட்டோம் என்று சொல்லவேண்டும். உள்விளிம்பில் கேட்கும் கரகரப்பு எல்லாமே கோணப் பிழையால் வருவதல்ல. எல்.பி.யின் உள்விளிம்பில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் 21 மைக்ரான், இ.பி.யின் 54 மி.மீ.யில் 25 மைக்ரான். உருண்டை முனை ஊசியின் ஆரமோ 15 முதல் 18 மைக்ரான். அவ்வளவு தடித்த முனை அந்த நெளிவுக்குள் இறங்கவே முடியாது. மேடுகளைத் தொட்டுத் தாவிப் போகும். நீள்வட்ட முனை தொடும் பக்கத்தில் 8 மைக்ரான் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். எழுபதுகளில் நாற்புற ஒலித் தட்டுகளுக்காக ஜப்பானில் உருவான ஷிபாட்டா முனை அதைவிடவும் ஒடுங்கி, பள்ளத்தின் சுவரில் மேலிருந்து கீழாக நீளமாகத் தொடும். பழைய பிளேயரின் உருண்டை ஊசி தேய்க்காத இடத்தையும் அது எட்டிப் படிக்கும். கையை நீளமாக்கிக் கிடைக்கும் கால்பங்கைவிட, உருண்டை முனையை ஷிபாட்டாவாக மாற்றியதில் கிடைத்தது அதிகம். இது கணக்கல்ல, என் காது சொல்வது.

எடை விஷயத்தையும் விடக் கூடாது. மச்சான் குடியிருப்பது பெரிய சாலையோரப் பழைய கடைவீட்டின் மாடி; பலகைத் தரை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால் தம்ளர் அதிரும். வெயிலில் நெளிந்த தட்டுகள் வேறு. கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த எடையும், ஊசி எவ்வளவு எளிதில் வளைகிறது என்பதும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வைத் தீர்மானிக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. டெக்னிக்ஸ் கையின் செயல்நிறை, அதாவது கை அசையும்போது ஊசி உணரும் எடை, 12 கிராம். அதில் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜை மாட்டினால் 8 ஹெர்ட்ஸ் வருகிறது. 18 கிராமுள்ள நீளக் கையில் அதே கார்ட்ரிட்ஜ் 7-க்கு இறங்கிவிடும். நெளிவும் காலடி அதிர்வும் ஆட்டிவைக்கும் எல்லைக்கு இன்னும் அருகில். அந்த மாடிக்கு நீளக் கை ஒத்துவராது என்பதற்கு இது ஒன்றே போதும். டர்ன்டேபிளைத் தரையில் வைக்காமல் செங்கல் சுவரில் அடித்த தாங்கியில் வைத்தோம்.

பொருத்தும் நாளில் அவசரப்படவில்லை. டெக்னிக்ஸுக்குச் சுருக்கமான அளவு ஒன்று உண்டு: ஹெட்ஷெல் கையோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனைவரை 52 மி.மீ. அதை வைத்தாலே தயாரிப்பாளரின் வடிவக்கணக்கு வந்துவிடும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்த்து நேராக்காதீர்கள்; ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு நேராக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோணமானித் தாளை அச்சிடுவதாக இருந்தால் அச்சுப்பொறி அளவைச் சுருக்கிவிடாமல் இருக்க, அதிலுள்ள கோட்டை எஃகு ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். முதலில் அச்சிட்ட தாளில் 100 மி.மீ. கோடு 97-ஆக வந்திருந்தது.

எல்.பி.க்கு என்ன செய்வது என்று அத்தைதான் கேட்டார். அவருக்குப் பிடித்த நாதஸ்வரத் தட்டுகள் எல்லாம் எல்.பி. அதற்கு இரண்டாவது ஹெட்ஷெல் ஒன்று வாங்கினோம். அதில் நீள்வட்ட முனைக் கார்ட்ரிட்ஜை ஏறத்தாழ 3 மி.மீ. முன்தள்ளி, இன்னும் ஒன்றே முக்கால் டிகிரி உள்ளே திருப்பி, பேர்வால்ட் முறைக்கு வைத்தோம். சில கார்ட்ரிட்ஜ்களுக்கு ஸ்க்ரூத் துளையின் முன்விளிம்புவரை போகவேண்டியிருக்கும். எங்களுக்கு மயிரிழையில் இடம் இருந்தது. ஹெட்ஷெல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் எடையைத் திரும்பச் சமன்செய்து ஊசியழுத்தம் வைக்கவேண்டும். அரை நிமிட வேலை.

161 இ.பி.யும் பிழைத்துவிடவில்லை. பதினெட்டு தட்டுகளில் உள்பள்ளம் பழைய ஊசியால் உழுதுபோய்க் கிடக்கிறது. எந்தக் கோணமும் அதை மீட்காது. மற்றவற்றில் இரண்டாவது பாட்டு, முதல் பாட்டு ஒலிக்கும் குரலிலேயே முடிகிறது. முதல் நாள் மாலை அத்தை சமையற்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்து, கடைசிச் சரணம் முடியும்வரை கதவோரம் நின்று கேட்டார்.

மச்சான் இ.பி. ஹெட்ஷெல்லின் விரல்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறான், யாரும் மாற்றி மாட்டிவிடாதபடி.